கடற்கரையில் விமானம் பார்த்த சிறுவன்: கராச்சியில் இருந்து தபால் மூட்டையோடு பறந்து வந்த ஜே.ஆர்.டி. டாடா வாழ்க்கை

அவலூர்பேட்டை,

வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் போதும், சாப்பிட்டுக் கொண்டிருக்கும் பிள்ளைகள்கூட தட்டை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடும். அவலூர்பேட்டை, மேல்மலையனூர், செஞ்சி பக்கம் எல்லாம் இது இன்றைக்கும் நடக்கிற விஷயம்தான். சின்னப் புள்ளி மாதிரி மேலே போகிற விமானத்தைப் பார்த்து கை காட்டாத பிள்ளை கிடையாது.

கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்றால் மீனம்பாக்கத்துக்கோ, புதுச்சேரி லாஸ்பேட்டைக்கோ போக வேண்டும். மீனம்பாக்கம் ஓடுபாதையில் விமானங்கள் இறங்குவதைப் பார்க்க பரங்கிமலை உச்சியில் ஏறி நிற்பவர்கள் உண்டு. இந்தப் பக்கத்திலேயே உளுந்தூர்பேட்டையில் ஒரு ஓடுபாதை இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டது அது.

வெளிநாடுகளில் விமானம் பார்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் ஏராளம். என்ஜின் எத்தனை, இறக்கை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, வாலில் என்ன எழுதியிருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டு, விமான நிலையத்து வேலி ஓரம் நாள் முழுக்க நிற்பார்கள். இந்தியாவில் அப்படி நின்றால் போலீஸ் வந்து விசாரிக்கும். 2010-ம் ஆண்டு டெல்லிக்கு வந்த வெள்ளைக்காரர்கள் 2 பேர் இந்தப் பொழுதுபோக்கால் கைதாகி மாட்டிக்கொண்ட கதை பேப்பர்களில் வந்தது.

இதே ஆசையோடு ஒரு சிறுவன் நூறு வருடத்துக்கு முன்னால் பிரான்ஸ் நாட்டுக் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தான். பிற்காலத்தில் இந்தியாவுக்கு விமான சர்வீசையே கொண்டு வந்தவர் அவர்தான். பெயர் ஜகாங்கிர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா. சுருக்கமாக ஜே.ஆர்.டி.

பாரிசில் பிறந்தார்

ஜே.ஆர்.டி. பிறந்தது 1904-ம் ஆண்டு ஜூலை 29-ந்தேதி, பாரிஸ் நகரில். அப்பா ரத்தன்ஜி தாதாபாய் டாடா, டாடா நிறுவனத்தை ஆரம்பித்த ஜாம்செட்ஜி டாடாவுக்கு நெருங்கிய உறவு. வியாபார விஷயமாக பிரான்சில் அதிகம் இருந்தவர். அம்மா சூசன் பிரியே பிரெஞ்சுக்காரர். கல்யாணத்துக்குப் பிறகு பார்சி குடும்பத்துக்கு ஏற்ற மாதிரி சூனி என்று பெயரை மாற்றிக்கொண்டார்.

பிள்ளைகள் 5 பேர். ஜே.ஆர்.டி. இரண்டாவது. அப்பா ஊர் ஊராகப் போகிறவர் என்பதால் பையனின் படிப்பும் ஒரு இடத்தில் நிலைக்கவில்லை. பாரிசில் கொஞ்ச நாள், பம்பாயில் கொஞ்ச நாள், ஜப்பானில் யோகோகாமாவில் கொஞ்ச நாள் என்று போனது. வீட்டில் பேசியது பிரெஞ்சு. இங்கிலீஷ் பின்னால் கற்றுக்கொண்டதுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் பிளேரியோ

விடுமுறைக்கு அந்தக் குடும்பம் பிரான்சின் வடக்குக் கரையில் இருக்கும் ஆர்டெலோ என்ற கடற்கரை ஊருக்குப் போகும். அங்கே அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது.

அதே ஊரில் வீடு வைத்திருந்தவர் லூயி பிளேரியோ. 1909-ம் ஆண்டு ஜூலை 25-ந்தேதி பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் உள்ள கடலை விமானத்தில் தாண்டி உலகத்தையே வாயைப் பிளக்க வைத்தவர் அவர்தான். அதற்கு முன்னால் அந்தக் கடலை விமானத்தில் தாண்டியவர் யாரும் இல்லை. ஜே.ஆர்.டி.க்கு அப்போது 5 வயது நிறைய 4 நாள்தான் பாக்கி.

பிளேரியோவின் பையனும் ஜே.ஆர்.டி.யும் கூட்டாளிகள். பிளேரியோவின் விமானங்கள் அந்தக் கடற்கரை மணலில் வந்து இறங்கும். அவரிடம் தலைமை விமானியாக இருந்த அடோல்ப் பெகு, வானத்தில் தலைகீழாகக் குட்டிக்கரணம் போட்டுப் பெயர் வாங்கியவர். அவர் விமானத்தில் வந்து இறங்குவதை பிள்ளைகள் ஓடி ஓடிப் பார்ப்பார்கள்.

மரச்சட்டம், துணி, கம்பி, ஒரு சின்ன என்ஜின், அவ்வளவுதான் அந்தக் காலத்து விமானம். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் ஆட்டம் காணும். ஆனாலும் அந்தப் பையனுக்கு அதுதான் உலகம். நாமும் ஒரு நாள் ஓட்ட வேண்டும் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டான்.

அப்புறம் முதல் உலகப்போர் வந்தது. அந்தப் போரிலேயே 1915-ல் பெகு செத்துப்போனார். போர் முடிந்தபிறகு அதே ஆர்டெலோவில் காசு வாங்கிக்கொண்டு ஆட்களை விமானத்தில் ஏற்றி ஒரு சுற்று காட்டினார்கள். ஜே.ஆர்.டி. முதன்முதலாக விமானத்தில் ஏறியது அப்போதுதான். வயது 15.

அதற்கு முன்னாலேயே நம்ம சென்னையில் விமானம் பறந்துவிட்டது என்பது பல பேருக்குத் தெரியாது. 1910-ம் ஆண்டு மார்ச் மாதம், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் வைத்திருந்த ஜாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர், உள்ளூரிலேயே கட்டிய விமானத்தை பல்லாவரத்தில் பறக்கவிட்டார். ஆனால் அது அதோடு நின்றுபோனது. வேடிக்கையாகப் போய்விட்டதே தவிர சர்வீசாக வரவில்லை.

பட்டாளமும் பம்பாயும்

ஜே.ஆர்.டி.க்கு இங்கிலாந்து போய் கேம்பிரிட்ஜில் என்ஜினீயரிங் படிக்க ஆசை. அது நடக்கவில்லை. பிரெஞ்சுக் குடிமகன் என்பதால் கட்டாயமாக ஒரு வருடம் அந்த நாட்டுப் பட்டாளத்தில் சேர வேண்டி வந்தது. குதிரைப்படையில் போட்டார்கள். அது அவருக்குப் பிடித்துப்போய், இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா முடியாது, வந்து சேர் என்று கூப்பிட்டுக்கொண்டார். அவர் வந்த பிறகு அந்தப் படைப்பிரிவு மொராக்கோ சண்டையில் கூண்டோடு அழிந்தது. அப்பா பேச்சைக் கேட்டதால் உயிர் தப்பினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

1925-ல் பம்பாயில் டாடா கம்பெனியில் சம்பளம் இல்லாத பயிற்சி ஆளாகச் சேர்ந்தார். முதலாளி வீட்டுப் பிள்ளை என்று நாற்காலி போட்டு உட்கார வைக்கவில்லை. டாடா ஸ்டீல் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஜான் பீட்டர்சன் என்ற கண்டிப்பான அதிகாரியிடம் வேலை பழகவிட்டார்கள். இந்த பீட்டர்சன்தான் பின்னால் பெரிய உதவி செய்தவர்.

அம்மா 1923-லேயே இறந்துவிட்டார். அடுத்த ஆண்டே 1926-ல் அப்பாவும் போய்விட்டார். 22 வயதில் குடும்பப் பொறுப்பு முழுக்க தலையில் விழுந்தது.

நம்பர் 1 லைசென்ஸ்

பம்பாயில் பிளையிங் கிளப் ஆரம்பித்ததும் முதல் ஆட்களில் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார். மூன்றரை மணி நேரம்தான் பயிற்சி. அதற்குள் தனியாக ஓட்டு என்று விட்டுவிட்டார்கள். இப்போது ஸ்கூட்டர் பழகவே அதைவிட நேரம் எடுக்கிறது.

1929-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந்தேதி அவருக்கு விமானி லைசென்ஸ் கிடைத்தது. இந்தியாவில் கொடுக்கப்பட்ட முதல் லைசென்ஸ் அது. அதில் இருந்த எண் 1. அதே வருடம் பிரெஞ்சுக் குடியுரிமையையும் விட்டுவிட்டு முழு இந்தியர் ஆனார். 1930-ம் ஆண்டு தெல்மா என்பவரைத் திருமணம் செய்துகொண்டார்.

ஸ்பார்க் பிளக் கொடுத்தார், பரிசை விட்டார்

அந்தச் சமயத்தில் ஆகா கான் ஒரு போட்டி அறிவித்தார். இங்கிலாந்தில் இருந்து இந்தியாவுக்கோ, இந்தியாவில் இருந்து இங்கிலாந்துக்கோ குறித்த நாட்களுக்குள் தனியாக விமானம் ஓட்டிப் போகும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு.

போட்டியில் 3 பேர் இறங்கினார்கள். ஒருவர் மன்மோகன் சிங் (முன்னாள் பிரதமர் அல்ல, அதே பெயரில் இன்னொருவர்). இரண்டாவது ஆஸ்பி என்ஜினீயர், 17 வயதுப் பையன். மூன்றாவது ஜே.ஆர்.டி. முதல் இரண்டு பேரும் இங்கிலாந்தில் இருந்து இந்தியாவை நோக்கி வர, ஜே.ஆர்.டி. மட்டும் 1930 மே மாதம் கராச்சியில் இருந்து இங்கிலாந்தை நோக்கிக் கிளம்பினார்.

ரேடியோ கிடையாது. ஒரு மேப், ஒரு திசைகாட்டி, கீழே தெரிகிற ரெயில் பாதை, கடற்கரை. இதை வைத்துத்தான் பாலைவனத்தையும் கடலையும் தாண்ட வேண்டும்.

எகிப்து நாட்டில் அபூகிர் என்ற இடத்தில் பெட்ரோல் போட இறங்கினார். அங்கே ஒரு ஜிப்சி மாத் விமானம் சும்மா நின்றுகொண்டிருந்தது. பார்த்தால் எதிர்த் திசையில் இருந்து வந்த ஆஸ்பி. ஸ்பார்க் பிளக் கெட்டுப்போய், மாற்று பிளக் இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தான் பையன்.

வேறு யாராக இருந்தாலும் நல்லதாகப் போச்சு என்று கிளம்பியிருப்பார்கள். ஜே.ஆர்.டி. தன்னிடம் உபரியாக இருந்த பிளக்கை எடுத்துக் கொடுத்தார். சும்மா வாங்கிக்கொள்ள மனசில்லாத ஆஸ்பி, கடலில் விழுந்தால் மிதக்க வைத்திருந்த உயிர்காப்பு உடையைக் கழற்றி அவருக்குக் கொடுத்தான். ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பறந்தார்கள்.

முடிவு என்ன ஆனது? ஆஸ்பி கராச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜே.ஆர்.டி. இன்னும் இங்கிலாந்தை எட்டவில்லை. சில மணி நேர வித்தியாசத்தில் பரிசு கைவிட்டுப் போனது. மன்மோகன் சிங்கும் வந்து சேர்ந்தார், ஆனால் கெடு தாண்டிவிட்டதால் அவருக்கும் இல்லை. 500 பவுண்டும் 17 வயதுப் பையனுக்கே போனது.

ஆஸ்பி அப்புறம் விமானப்படையில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து, 1960-ம் ஆண்டு இந்திய விமானப்படைக்கே தலைமைத் தளபதி ஆனார். அன்றைக்கு அந்த பிளக் கிடைக்காமல் போயிருந்தால் கதை எப்படி மாறியிருக்குமோ!

வின்சென்ட் கொண்டு வந்த திட்டம்

தபால் விமானத் திட்டம் ஜே.ஆர்.டி. மூளையில் உதித்தது என்று பல பேர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. அதைக் கொண்டு வந்தவர் நெவில் வின்சென்ட் என்ற விமானி. இங்கிலாந்து விமானப்படையில் இருந்து விலகி, இந்தியாவில் ஊர் ஊராக விமானத்தை ஓட்டிப்போய், காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தவர். அப்படிச் சுற்றியதில் இந்தியாவில் எந்த ஊரில் எந்த மைதானம் இறங்க லாயக்கு என்று அவருக்கு அத்துபடி.

1929-ல் இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனி லண்டனில் இருந்து கராச்சி வரைக்கும் விமான சர்வீஸ் ஆரம்பித்தது. தபால் கராச்சிக்கு சீக்கிரம் வந்துவிடும். அதற்கு மேல் பம்பாய்க்கும் சென்னைக்கும் ரெயிலில்தான் போக வேண்டும். கராச்சியில் இருந்து பம்பாய் வழியாக சென்னைக்கு நாமே தபாலை விமானத்தில் கொண்டு போனால் என்ன என்று வின்சென்ட் கேட்டார்.

ஜே.ஆர்.டி. உடனே ஒட்டிக்கொண்டார். ஆனால் பணம் கொடுக்க வேண்டியது கம்பெனித் தலைவர் சர் தோராப்ஜி டாடா. வயதானவர், உடம்பும் சரியில்லை. விமானமாவது கிமானமாவது என்று தயங்கினார். அப்போது பழைய குரு பீட்டர்சன் குறுக்கே வந்து, பெரிய தொகை ஒன்றும் இல்லையே, பையன் செய்யட்டும் என்று எடுத்துச் சொல்லி சம்மதிக்க வைத்தார். முதலீடு 2 லட்சம் ரூபாய்.

அரசாங்கம் அதைவிட மோசம். மானியம் கேட்டார்கள், இல்லை என்றது. சரி மானியமே வேண்டாம், கொண்டு போகிற தபாலுக்குக் கூலி கொடுத்தால் போதும் என்றார்கள். அதற்கும் யோசித்தது. மனு போட்டு, பதில் வந்து, மறுபடி மனு போட்டு 3 வருடம் ஓடிவிட்டது. 1932-ல்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே வருடம் ஜூனில் தோராப்ஜி இறந்துபோனார். முதல் விமானம் கிளம்பியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

1932 அக்டோபர் 15

மழையால் ஒரு மாதம் தள்ளிப்போய், 1932-ம் ஆண்டு அக்டோபர் 15-ந்தேதி காலை கராச்சி டிரிக் ரோடு விமான தளத்தில் இருந்து ஜே.ஆர்.டி. கிளம்பினார். வயது 28. அவர் ஓட்டியது புஸ் மாத் என்ற சின்ன விமானம். இறக்கை தலைக்கு மேலே இருக்கும். மூக்கில் ஒரே ஒரு என்ஜின். இரும்புக்குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. விமானி போக 2 பேர் நெருக்கி உட்காரலாம். அதன் பதிவு எழுத்து வி.டி.-ஏ.டி.என். இந்திய விமானங்களின் உடம்பில் வி.டி. என்ற எழுத்தை இன்றைக்கும் பார்க்கலாம்.

உள்ளே இருந்த சரக்கு 25 கிலோ தபால். பயணி யாரும் கிடையாது.

வெயில் கொளுத்தியது. கீழே இருந்து கிளம்பும் சூட்டுக் காற்று விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. போதாக்குறைக்கு ஒரு பறவை வேறு உள்ளே புகுந்து படபடவென்று அடிக்க, விமானத்தையும் ஓட்டிக்கொண்டு அதையும் சமாளிக்க வேண்டியதாகிவிட்டது.

ஆமதாபாத்தில் பெட்ரோல் போட இறங்கினார். பெட்ரோல் லாரியா வந்தது? தகரங்களில் அடைத்த பெட்ரோலை மாட்டு வண்டியில் கொண்டு வந்தார்கள். அதை ஊற்றிக்கொண்டு மறுபடி பறந்து, மதியம் 1 மணி 50 நிமிடத்துக்கு பம்பாய் ஜுகுவில் இறங்கினார்.

ஜுகு விமான நிலையம் என்றால் பெரிய கட்டிடம் என்று நினைத்துவிட வேண்டாம். கடலோர மண் தரை, ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. மழைக்காலத்தில் முழுக்க தண்ணீரில் மூழ்கிவிடும். அப்போது மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு புனாவுக்குப் போய்விடுவார்கள்.

சென்னை நோக்கி

பம்பாயில் சென்னைத் தபாலை வாங்கிக்கொண்டு வின்சென்ட் இன்னொரு புஸ் மாத்தில் கிளம்பினார். இருட்டில் பறக்க வசதி இல்லாததால் இரவு பெல்லாரியில் தங்கி, மறுநாள் சென்னைக்கு வந்து இறங்கினார். பல்லாவரத்தில் விமானம் பறந்து 22 வருடம் கழித்து, சென்னைக்கு முறையான விமான சர்வீஸ் கிடைத்தது இப்படித்தான். லண்டனில் போட்ட கடுதாசி கராச்சியில் இருந்து வானத்து வழியாகவே சென்னை வரைக்கும் வந்து சேர்ந்தது.

வாரம் ஒரு முறை சர்வீஸ். ஆள் பலம் என்று பார்த்தால் விரல் விட்டு எண்ணி விடலாம். விமானியே தபாலைக் கணக்குப் பார்த்து ஏற்றி, விமானியே என்ஜினையும் தடவிப் பார்த்துக் கிளம்ப வேண்டும்.

முதல் வருடக் கணக்கைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1 லட்சத்து 60 ஆயிரம் மைல் பறந்தார்கள். தபால் போக 155 பயணிகளும் வந்தார்கள். லாபம் 60 ஆயிரம் ரூபாய். ஒரு தடவைகூட தபால் தாமதம் ஆகவில்லை என்று அரசாங்கமே பாராட்டி எழுதியது. 3 வருடம் இழுத்தடித்த அதே அரசாங்கம்!

அப்புறம் திருவனந்தபுரத்துக்கு ஒரு வழி, கொழும்புக்கு ஒரு வழி என்று கொடி விரிந்தது. 1938-ல் 34 வயதில் டாடா நிறுவனங்கள் முழுவதற்கும் ஜே.ஆர்.டி. தலைவர் ஆனார். இரும்பு, மின்சாரம், ரசாயனம் என்று எத்தனையோ தொழில் கையில் இருந்தும் விமானம்தான் செல்லப் பிள்ளை. மற்ற கம்பெனிக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

விமானம் பறித்த உயிர்கள்

இந்த ஆசைக்கு அவர் கொடுத்த விலையும் லேசுப்பட்டது இல்லை. கடைசித் தம்பி ஜிம்மிக்கும் அண்ணனைப் போலவே விமானப் பைத்தியம். 1936-ம் ஆண்டு விமான விபத்தில் ஜிம்மி இறந்தார். 20 வயதுகூட தாண்டாத பையன் என்று சொல்லலாம்.

1942-ல் அடுத்த இடி. இந்தியாவிலேயே விமானம் கட்டும் தொழிற்சாலை போடுவதற்காக இங்கிலாந்து போயிருந்த வின்சென்ட், திரும்பி வருகிற வழியில் போர்க்கால வானத்தில் பலியானார். சென்னைக்கு முதல் தபால் கொண்டு வந்த அவருக்கு இங்கே ஒரு பெயர்ப் பலகைகூட கண்ணில் படவில்லை. ஜே.ஆர்.டி. மட்டும் கடைசி வரைக்கும், இந்திய விமான சர்வீசை உருவாக்கியதில் பெரிய பங்கு வின்சென்ட்டுடையது என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்தார்.

உலகப் பயணம்

போர் முடிந்ததும் 1946-ல் டாடா ஏர்லைன்ஸ், ஏர்-இந்தியா என்ற பெயரில் பொதுமக்கள் பங்கு வாங்கும் கம்பெனி ஆனது. சுதந்திரம் வந்த மறு வருடம், 1948 ஜூன் 8-ந்தேதி, மலபார் பிரின்சஸ் என்ற 4 என்ஜின் விமானம் பம்பாயில் இருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குக் கிளம்பியது. பயணிகளில் ஒருவராக ஜே.ஆர்.டி.யும் உட்கார்ந்திருந்தார். 1930-ல் ஒற்றை ஆளாக, ஒற்றை என்ஜினில் போன அதே திசை.

1953-ம் ஆண்டு மத்திய அரசு விமான கம்பெனிகளை எல்லாம் எடுத்துக்கொண்டது. தன்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டார்களே என்று ஜே.ஆர்.டி.க்கு மனசு ரொம்ப நொந்துபோனது. ஆனால் பிரதமர் நேரு கேட்டுக்கொண்டதால் அரசு ஏர்-இந்தியாவுக்குத் தலைவராக இருக்கச் சம்மதித்தார். சம்பளம் ஒரு பைசா வாங்கவில்லை.

தன் கையை விட்டுப் போன கம்பெனிக்கு இப்படி உழைத்தவர் வேறு யாரும் இருக்க முடியாது. விமானத்தில் போகும்போதெல்லாம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுவார். டீயும் காபியும் ஒரே கலரில் இருக்கிறது, திரைச்சீலை அழுக்கு, நாற்காலி சரியாகச் சாயவில்லை என்று எழுதி, இறங்கியதும் அதிகாரிகளிடம் கொடுப்பார். கக்கூஸ் சுத்தமாக இல்லை என்றால் தானே துடைத்துவிடுவார். தலைவரே துடைக்கிறார் என்றால் அப்புறம் ஊழியர் யார் சும்மா இருப்பார்கள்? 1962-ல் உலகத்திலேயே முதலாவதாக ஜெட் விமானம் மட்டுமே வைத்திருக்கும் கம்பெனியாக ஏர்-இந்தியா ஆனது.

1978

1978-ம் ஆண்டு புத்தாண்டு அன்று இரவு ஏர்-இந்தியாவின் எம்பரர் அசோகா ஜம்போ விமானம் பம்பாயில் இருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கடலில் விழுந்தது. 213 பேர் பலி.

அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் பிப்ரவரியில் ஜே.ஆர்.டி.யை பிரதமர் மொரார்ஜி தேசாய் அரசு தலைவர் பதவியில் இருந்து எடுத்துவிட்டது. 46 வருடத்துக்கு முன் தபால் மூட்டையோடு ஆரம்பித்தவர், 25 வருடம் சம்பளம் வாங்காமல் உழைத்தவர். அவருக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்குப் பதிலாக நியமிக்கப்பட்ட ஓய்வுபெற்ற விமானப்படைத் தளபதி பி.சி.லால்தான் சங்கடத்தோடு அவருக்கே விஷயத்தைச் சொன்னார். அரசு கடிதம் அதற்கு அப்புறம்தான் வந்தது. வேலைக்காரரை நிறுத்தினால்கூட முன்னால் ஒரு வார்த்தை சொல்வார்கள்.

தங்கள் பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி ஊழியர்கள் கொதித்தார்கள். சில பெரிய அதிகாரிகள் ராஜினாமா செய்தார்கள். ஜே.ஆர்.டி. சண்டைக்குப் போகவில்லை. 1980-ல் இந்திரா காந்தி திரும்ப ஆட்சிக்கு வந்ததும் ஏர்-இந்தியா இயக்குனர் குழுவில் மறுபடி சேர்த்தார். தலைவர் பதவி மட்டும் திரும்பவில்லை.

78 வயதில் மறுபடி

1982 அக்டோபர் 15. முதல் விமானம் பறந்து 50 வருடம் நிறைந்த நாள். ஜே.ஆர்.டி.க்கு வயது 78. அந்த வயதில் நம்ம ஊரில் திண்ணையை விட்டு இறங்கவே யோசிப்பார்கள்.

அவர் கராச்சிக்குப் போய், புஸ் மாத்துக்குத் தம்பி மாதிரியான லெப்பர்ட் மாத் என்ற பழைய ஒற்றை என்ஜின் விமானத்தில் தனியாக ஏறி உட்கார்ந்து, அதே ஆமதாபாத் வழியாக பம்பாய் ஜுகுவுக்கு ஓட்டி வந்தார். 1962-ல் 30-வது வருடத்துக்கும் இதேபோல் ஓட்டியிருந்தார். ஆனாலும் 78 வயதில் ஓட்டியதுதான் எல்லோரையும் மலைக்க வைத்தது. நாட்டில் இளைஞர்களுக்கு உற்சாகம் குறைந்துவிட்டது, அதைக் கிளப்பத்தான் இந்தப் பயணம் என்று காரணம் சொன்னார். உண்மைக் காரணம் அவருக்கு ஓட்ட வேண்டும் என்று ஆசை. ஆர்டெலோ மணலில் நின்ற பையன் அப்படியேதான் இருந்தான்.

பாரத ரத்னா

விமானம் போக அவர் செய்த காரியங்கள் ஏராளம். பம்பாயில் டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரி 1941-ல் திறந்தது, அணு விஞ்ஞானி ஹோமி பாபாவுக்கு துணை நின்று 1945-ல் அடிப்படை ஆராய்ச்சி நிலையம் அமைத்தது எல்லாம் அவர் காலத்தில் நடந்தவை. குடும்பக் கட்டுப்பாடு பற்றி அரசாங்கமே பேசத் தயங்கிய நாளிலேயே பேசினார். அதற்காக ஐ.நா. சபை விருது கொடுத்தது. விமானப்படை 1974-ல் ஏர் வைஸ் மார்ஷல் என்ற கவுரவப் பதவி கொடுத்தது. 1992-ல் பாரத ரத்னா விருது கிடைத்தது. தொழிலதிபர் ஒருவருக்கு உயிரோடு இருக்கும்போதே இந்த விருது கிடைப்பது அபூர்வம்.

1991-ல் டாடா தலைமையை ரத்தன் டாடாவிடம் ஒப்படைத்தார். 1993 நவம்பர் 29-ந்தேதி சுவிட்சர்லாந்து நாட்டில் ஜெனீவா ஆஸ்பத்திரியில் 89 வயதில் காலமானார். எம்.பி.யாக இல்லாத அவருக்காக இந்திய பாராளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டது. பிறந்த ஊரான பாரிசிலேயே பெர் லாசேஸ் கல்லறைத் தோட்டத்தில், அப்பா, அம்மா பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது.

மறு வருடம், 1994-ல், தபால் துறை அவர் படம் போட்ட தபால் தலை வெளியிட்டது.

திரும்பி வந்தது

அரசு கையில் போன ஏர்-இந்தியா காலப்போக்கில் கடனில் மூழ்கியது. விற்கலாம் என்று கூவிக் கூவிப் பார்த்தும் வாங்க ஆள் இல்லாத நிலைகூட வந்தது. கடைசியில் 2021 அக்டோபர் மாதம் டாடா நிறுவனமே ஏலத்தில் எடுத்தது. 2022-ம் ஆண்டு ஜனவரி 27-ந்தேதி சாவி கைமாறியது.

1932-ல் தோராப்ஜியிடம் கெஞ்சி வாங்கிய முதலீடு 2 லட்சம் ரூபாய். 2021-ல் டாடா கேட்ட ஏல விலை 18 ஆயிரம் கோடி ரூபாய்.